வழுக்கும் கற்களைப் புரட்டிப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரியில் உள்ள எங்கள் வீட்டின் பின்புறத் தோட்டத்தில் 30 ஆண்டுகளுக்கு முன் பாவிய கடப்பா கற்கள் தேய்ந்து வழுக்குகின்றன; சில கற்கள் கால் வைத்தால் ஆடுகின்றன. போன ஐப்பசி மழையில் என் மாமியார் வழுக்கி விழுந்துவிட்டார். கற்களைப் பெயர்க்காமல் அவற்றின் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் கொத்தனார். ஒட்டலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: ஒட்ட வேண்டாம். ஆடும் கல்லின் மேல் எதை ஒட்டினாலும் அது கல்லோடு சேர்ந்து ஆடி, விரிசல் விட்டு, விரிசல் வழியே இறங்கும் மழைநீரை நடுவில் தேக்கிக்கொள்ளும். தரைமட்டமும் ஓர் அங்குலமாவது உயரும். தோட்டத் தரை வீட்டின் தரைமட்டத்துக்கு அரையடியாவது தாழ்ந்திருந்தால்தான் சுவரில் ஈரம் ஏறாது.

முதலில் ஒவ்வொரு கல்லையும் மரச்சுத்தியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஓசை வந்தால் அடியில் மண் இருக்கிறது; 'டொப்' என்று கேட்டால் மண் அரித்துப் போயிருக்கிறது. மலைச்சரிவில் கற்கள் ஆடுவதற்குப் பெரும்பாலும் மேட்டுப்பக்கத்திலிருந்து இறங்கும் நீரே காரணம். அதனால் மேட்டோரமாக ஒரு சிறு வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்பாமல் கற்களை மட்டும் மாற்றினால், அடுத்த மழைக்குப் புதுக் கல்லும் ஆடத் தொடங்கும்.

பிறகு கற்களைக் கடப்பாரையால் நெம்பி எடுத்துப் புரட்டிப் பாருங்கள். தேய்ந்தது நடந்த பக்கம்தான். 30 ஆண்டுகளாக மண்ணைப் பார்த்திருந்த அடிப்பக்கம் பெரும்பாலும் சொரசொரப்பாகவே இருக்கும். அடிமண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, 3 அங்குலத்துக்கு ஜல்லி பரப்பி, அதன் மேல் எம்-சாண்ட் இட்டு, அந்தப் பக்கம் மேலே வரும்படி அதே கற்களைப் பாவலாம். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்புறமாக 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் இருக்க வேண்டும். இரவில் காட்டெருமைகள் வந்துபோகும் தோட்டமென்றால் ஓரக் கற்களை மட்டும் சிமெண்ட் கலவையில் பதியுங்கள். காட்டெருமைகளின் எடைக்கு முதலில் பெயர்வது ஓரம்தான்.

பாசியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். ஆசிட் ஊற்றவே கூடாது. கடப்பா சுண்ணாம்புக்கல் வகை என்பதால் ஆசிட் கல்லையே அரித்துவிடும்.

வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த கற்களுக்குப் பதிலாக வாங்கும்போது மெருகேற்றாத கல் வேண்டும் என்று கேளுங்கள். கடைக்காரர் பளபளப்பானதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்.