அப்பாவிடம் அதே வசனத்தின் மிச்சத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள்

சகோதரி, கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது, ஊர்க்கூட்டத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால், அப்பா வேதாகமத்தில் உலக முடிவைப் பற்றிப் பேசும் மத்தேயு 24-ஐத் திறந்து ‘இவைகளெல்லாம் சம்பவிக்கவேண்டியதே’ என்று உட்கார்ந்துவிடுகிறார் என எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனம் கனத்தது.

அவருடைய விசுவாசத்தோடு மோதாதீர்கள். அந்த ஆறாம் வசனம் அங்கே முடியவில்லை. ‘முடிவு உடனே வராது’ என்றும் சொல்கிறது. அதை அவரையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு லூக்கா 19-இல் இயேசு சொன்ன உவமை: எஜமான் ஊழியக்காரரிடம் பணத்தைக் கொடுத்து, நான் திரும்பி வரும்வரை வியாபாரம் செய்யுங்கள் என்றுதான் போகிறான்.

அமெரிக்காவில் 1844 அக்டோபர் 22 அன்று இயேசு வருவார் என்று நம்பிய வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியின் ஆட்களில் சிலர், பயிரை அறுக்காமலே காத்திருந்தார்கள். மறுநாளும் வழக்கம்போல் விடிந்தது.

என் தாத்தாவும் இயேசுவின் வருகைக்காக ஏங்கியவர்தான். அவருடைய வேதாகமத்தில் அந்த மத்தேயு 24-ஆம் அதிகாரம் முழுக்கச் சிவப்புக் கோடுகள். ஆனாலும் எண்பது வயதில், நகக்கண்ணில் மண் அப்பியிருக்க, தென்னங்கன்று நட்டார்.

உங்கள் போதகரிடம் பேசி, கூட்டத்துக்கு முந்தைய ஞாயிறு அந்த லூக்கா பகுதியைப் பிரசங்கிக்கக் கேளுங்கள். மகள் சொல்வதைவிட பீடத்திலிருந்து வந்தால் அப்பா கேட்பார்.