சுவரில் ஒட்டுப் போடாதீர்கள், தம்பி

களக்காட்டிலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஜனவரியில் வீடு மாறுகிறீர்கள். சுவரில் சாமி படத்துக்கு அடித்த ஆணி ஓட்டை நான்கு, பிள்ளையின் கிரேயான் கிறுக்கல், ஊரிலிருந்து வந்த அப்பா சாய்ந்து உட்கார்ந்த இடத்தில் எண்ணெய்க் கறை. ‘சின்ன டப்பா பெயிண்ட் வாங்கி அந்தந்த இடத்தில் மட்டும் தொட்டுவிட்டால் அட்வான்ஸ் முழுசாகத் திரும்புமா அண்ணாச்சி?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொட்டுவிட்டால் திரும்பாது. அப்படித் தொட்டுக் கெட்டவன்தான் நான்.

நமக்கு மனசில் இருப்பது சுண்ணாம்புக் கணக்கு. பொங்கலுக்கு முந்தின வாரம் சுண்ணாம்பை நீற்றி, கொஞ்சம் நீலம் கலந்து, பனைமட்டை நுனியை நசுக்கி எடுத்து ஓர் இழுப்பு. ஈரமாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது, காயக் காய வெளுக்கும். வருஷா வருஷம் முழுச் சுவரும் அடிபடுவதால் நடுவில் எங்கே ஒட்டுப் போட்டாலும் அடுத்த பொங்கலுக்குள் மறைந்துவிடும். இங்கே சுவரில் இருப்பது எமல்ஷன் என்கிற தண்ணீர் பெயிண்ட். வெளிச்சத்திலும் அடுப்பங்கரைப் புகையிலும் நாளாக ஆக அதன் நிறம் மங்கும். அதே பெயிண்டையே வாங்கி மேலே வைத்தாலும் அந்த இடம் மட்டும் புதுசாகத்தான் நிற்கும்.

2012-ல் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து வந்து ஆறு மாதம் இருந்தாள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக் கீரை ஆய்வாள். தலையில் தேங்காய் எண்ணெய் சொட்டும். அவள் ஊருக்குப் போனபிறகு பார்த்தால், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டம். இங்கே வாடகை வீட்டுச் சுவரெல்லாம் பெரும்பாலும் மக்னோலியா என்கிற மங்கல் சந்தன நிறம்தானே என்று ஒரு டப்பா வாங்கி, பிரஷ்ஷால் வட்டத்தை மூடினேன். ராத்திரி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காலையில் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் பளீரென்று ஒரு பெரிய திட்டு, அதன் நடுவில் எண்ணெய் மறுபடி மஞ்சளாக ஊறி நிற்கிறது. வீட்டை ஒப்படைக்கும் நாளில் ஏஜென்ட் ஆள் நேரே அங்கேதான் போய் நின்றார். வெறும் கறையாக விட்டிருந்தால் ஒரு சுவருக்கான காசோடு போயிருக்கும். ‘அரைகுறை வேலை’ என்று எழுதி ஹால் முழுக்க அடிக்கும் செலவைக் கேட்டார்கள். பேசிப் பேசிப் பாதியாகக் குறைத்தேன்.

நான் செய்த தப்பு மூன்று. மக்னோலியா கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அது எனக்குத் தெரியாது. ரோலரில் அடித்த சுவரில் பிரஷ் தடம் தனியாகத் தெரியும், அதுவும் தெரியாது. எண்ணெய்க் கறைமேல் தண்ணீர் பெயிண்ட் நிற்காது என்பது தெரிந்திருக்க வேண்டும், அப்பளக் காகிதத்தைப் பார்த்து வளர்ந்தவன்தானே!

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் பெயிண்ட் கடைக்குப் போகாதீர்கள். குடிவந்தபோது கையெழுத்துப் போட்ட இன்வென்டரியை, அதாவது வீடு அன்றைக்கு இருந்த நிலையைக் குறித்த பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் ஏற்கெனவே எழுதியிருக்கும் கீறலுக்கு நீங்கள் பொறுப்பில்லை. சோபா உரசிய தடம், வெளிச்சத்தில் மங்கியது போன்றவை சாதாரணப் புழக்கத் தேய்மானம், அதற்கும் காசு பிடிக்க முடியாது. ஆணி ஓட்டையும் கிரேயானும் எண்ணெயும் அந்தக் கணக்கில் தப்புவது கஷ்டம்.

கிரேயானுக்கு சுகர் சோப் என்று ஒரு கழுவும் பொடி இருக்கிறது (பெயரில்தான் சர்க்கரை). தண்ணீரில் கரைத்து ஸ்பாஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். அழுத்தித் தேய்த்தால் மினுக்கமில்லாத மேட் பெயிண்ட் பளபளத்து, அதுவே ஒரு கறையாகிவிடும். ஆணி ஓட்டைக்கு நம்மூர்ப் பட்டி மாதிரியே ஃபில்லர். காய்ந்தால் உள்வாங்கும், அதனால் ஒரு மயிரிழை மேடாக வைத்து, காய்ந்தபின் நைஸ் உப்புத்தாள் போடுங்கள். வெறும் ஃபில்லர் பெயிண்டை உறிஞ்சிக்கொண்டு சொரசொரவென்று தனியாகத் தெரியும், முதலில் தண்ணீர் கலந்த பெயிண்டை ஒரு தடவை தொட்டுவையுங்கள். 1970-க்கு முந்தின வீடாக இருந்தால், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். பிள்ளை இருக்கிற வீட்டில் கதவையும் ஜன்னலையும் உலர்ந்தபடி தேய்க்கவே வேண்டாம்.

எண்ணெய்க் கறையை சுகர் சோப்பால் கழுவி, காயவிட்டு, கறை மேலே ஊறாமல் தடுக்கும் ஸ்டெயின் பிளாக் பிரைமர் அடியுங்கள். நாற்றம் தாங்காது, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அப்புறம்தான் பெயிண்ட். எல்லாம் ஒரே சுவரில் என்றால், அந்தச் சுவரை மூலையிலிருந்து மூலைவரை முழுசாக அடியுங்கள். நிறம் கொஞ்சம் மாறினாலும் மூலையில் வெளிச்சமே மாறுவதால் கண்ணுக்குப் பிடிபடாது. ஓரங்களைப் பிரஷ்ஷால் முடித்துவிட்டு, அது காய்வதற்குள் ரோலர் போடுங்கள். நடுவில் டீ குடிக்கப் போனால் அங்கே ஒரு கோடு விழும். நான்கு மீட்டர் சுவருக்கு இரண்டு கோட் என்றால் இரண்டரை லிட்டர் டப்பா ஒன்று போதும். நிறத்துக்கு, சுவரிலிருந்து ஒரு சில்லு பெயர்த்துக் கடையில் காட்டினால் மிஷினில் வைத்துக் கலந்து தருவார்கள். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து மட்டும் எடுத்துவிடாதீர்கள், அங்கே வெளிச்சம் படாததால் பழைய நிறமே இருக்கும். ஜனவரிக் குளிரில் 10 டிகிரிக்குக் கீழே எமல்ஷன் சரியாகக் காயாது, அன்றைக்கு ஹீட்டிங் காசைப் பார்க்க வேண்டாம்.

மூலையில் கருப்புப் பூஞ்சை இருந்தால் அதன்மேல் அடிக்காதீர்கள், வீட்டுக்காரருக்கு இப்போதே எழுதிப் போடுங்கள்.

அட்வான்ஸ் வீட்டுக்காரர் பணமில்லை, உங்கள் பணம். 2007 ஏப்ரலிலிருந்து இங்கே அதை அரசு ஒப்புதல் பெற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிய வேண்டும் என்பது சட்டம். தகராறு வந்தால் அந்தத் திட்டத்திலேயே கட்டணமில்லாமல் தீர்த்துவைப்பார்கள். பிடித்தம் செய்ய நியாயம் இருக்கிறது என்று நிரூபிப்பது வீட்டுக்காரர் பாடு. பெயிண்ட் எத்தனை வருஷம் பழசு என்பதையும் கணக்கில் எடுப்பார்கள். எனக்கு அன்றைக்கு அது தெரியாமல்தான் பாதியைக் கொடுத்தேன்.

வேலை முடிந்ததும் காலை வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சாவி கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிட்டால் வாசனையும் போய்விடும்.