லாகின் பாடத்தை முதலில் புரட்டுங்கள்

கேள்வி: பி.எஸ்சி. கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். சர்வர் பக்க நிரலாக்கத்துக்காகப் பிஹெச்பி கற்க விரும்பி, சீனியர் ஒருவரிடம் வாங்கிய புத்தகத்தைப் பார்த்து எழுதினால், தரவுத்தளத்தை இணைக்கும் வரியில் ‘அன்டிஃபைண்ட் ஃபங்ஷன் மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்’ என்று பிழை வருகிறது. யூடியூப் காணொளிகளோ ஆளுக்கொன்று சொல்கின்றன. எதை நம்பிப் படிப்பது? பேசாமல், ஜாவாஸ்கிரிப்டில் சர்வர் நிரல் எழுத உதவும் நோட் ஜேஎஸ் பக்கம் போய்விடலாமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: தவறு உங்களுடையதன்று; புத்தகம்தான் காலாவதியாகிவிட்டது. அந்த மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று 2013இல் வந்த பிஹெச்பி 5.5 எச்சரித்தது, 2015 டிசம்பரில் வெளியான 7.0 பதிப்பு அவற்றை அடியோடு நீக்கிவிட்டது. இப்போது அந்த வேலையைச் செய்பவை பிடிஓ, மைஎஸ்க்யூஎல்ஐ ஆகிய இரண்டும்தான்.

ஆனால் வெளியான ஆண்டை மட்டும் பார்த்து எதையும் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். சென்ற மாதம் ஏற்றிய காணொளியிலும் பதினைந்து ஆண்டுப் பழைய நிரலை அப்படியே தட்டச்சு செய்து காட்டுபவர்கள் இருக்கிறார்கள். புத்தகமோ காணொளித் தொடரோ, கையில் எடுத்ததும் லாகின் பக்கம் எழுதக் கற்றுத்தரும் பாடத்துக்கு நேரே போய்விடுங்கள். படிவத்தில் பயனர் தட்டிய பெயரை எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் மொழி) வாக்கியத்துக்குள் அப்படியே ஒட்டவைத்திருந்தால், அதை அங்கேயே மூடிவிடலாம். ஏனென்றால், பெயருக்குப் பதிலாக ஒற்றை மேற்கோள் குறியையும், அதைத் தொடர்ந்து எப்போதும் உண்மையாக இருக்கும் ஒரு நிபந்தனையையும் ஒருவர் தட்டினால், கடவுச்சொல் தெரியாமலே உள்ளே நுழைந்துவிட வழியுண்டு. நல்ல பாடத்தில் மதிப்பு வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியோ, முக்காற்புள்ளியில் தொடங்கும் ஒரு பெயரோ மட்டும் இருக்கும். மதிப்பு தனியாக அனுப்பப்படும். இதைத்தான் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் என்கிறோம்.

அதே பாடத்தில் கடவுச்சொல்லை எப்படிச் சேமிக்கிறார்கள் என்றும் பாருங்கள். எம்டி5 என்று கண்ணில் பட்டால் அந்தப் பாடம் வேண்டாம். கடவுச்சொல்லை அடையாளம் தெரியாத எழுத்துக்கோவையாக (ஹேஷ்) மாற்றும் பழைய முறை அது; மிக வேகமாகக் கணக்கிடப்படும் என்பதால், திருடுபோன பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு சாதாரண கிராபிக்ஸ் கார்டே நொடிக்குக் கோடிக்கணக்கான சொற்களைப் போட்டுப் பார்த்துவிடும். பிஹெச்பி 5.5 முதல் இருக்கும் பாஸ்வேர்ட்_ஹேஷ் வேண்டுமென்றே மெதுவாக இயங்குவது. ஒவ்வொரு கடவுச்சொல்லுக்கும் தனித்தனி சால்ட்டை (ஹேஷ் செய்யும்போது கூடச் சேர்க்கும் தற்செயலான எழுத்துகளை) தானே சேர்த்துக்கொள்வது. ‘தொடக்கநிலை மாணவருக்குப் பாதுகாப்பெல்லாம் பிறகு’ என்று சில ஆசிரியர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. பாடத்தில் எழுதிய நிரல்தான் கல்லூரி புராஜெக்டுக்குப் போகிறது, அங்கிருந்து முதல் வாடிக்கையாளரின் தளத்துக்கும் போய்விடுகிறது.

முதல் நாளே லாரவெல் போன்ற ஃபிரேம்வொர்க்கில் (பாதி வேலையை முன்கூட்டியே செய்துவைத்த நிரல் தொகுப்பில்) தொடங்கும் தொடர்களை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ், குக்கி (பிரவுசரில் சேமிக்கப்படும் சிறு குறிப்பு), செஷன் (பயனர் யார் என்று சர்வர் நினைவில் வைப்பது) ஆகியவற்றை முன்னால் சொல்லித்தரும் பாடமே உங்களுக்கு ஏற்றது. படிவத்தை அனுப்பும்போது பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்திருங்கள்: போஸ்ட் ரிக்வெஸ்ட் போவதும், வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும் நிரலாக இருந்தால் சர்வர் 302 என்று பதில் தருவதும், பிரவுசர் உடனே வேறு முகவரிக்கு கெட் ரிக்வெஸ்ட் அனுப்புவதும் வரிசையாகத் தெரியும். பத்துப் பக்கம் படித்தாலும் விளங்காதது இதில் விளங்கிவிடும்.

பக்கத்திலேயே பிஹெச்பியின் அதிகாரபூர்வக் கையேட்டையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஃபங்ஷன் எந்தெந்தப் பதிப்பில் இயங்கும் என்று அது சொல்லிவிடும். பக்கத்தின் அடியில் பயனர்கள் எழுதிய குறிப்புகளில் பல மிகப் பழையவை. எத்தனை ஆண்டுக்கு முந்தையது என்று அங்கேயே இருக்கும், அதைப் பார்த்த பிறகு படியுங்கள்.

நோட் ஜேஎஸ்ஸுக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கப் போகாதீர்கள். எஸ்க்யூஎல்லை ஒட்டவைத்து எழுதக் கற்றுத்தரும் பாடங்கள் அங்கும் உண்டு. இணையதளங்களை உருவாக்கப் பயன்படும் வேர்ட்பிரஸ் பிஹெச்பியில் எழுதப்பட்டது என்பதால், இதைக் கற்றவருக்கு வேலையும் கிடைக்கும்.

கேள்வி: ஆங்கிலத்தில் தடுமாறுபவர் இதைத் தமிழிலேயே கற்க முடியுமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: தொடங்க முடியும். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழ் ஒலியுடன் பாடங்கள் உள்ளன. கணியம் தளத்தில் கணினி நுட்ப மின்னூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மேலே சொன்ன லாகின் சோதனையை இவற்றுக்கும் வையுங்கள். பிழைச் செய்திகள் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் குறைவே. ஒரு நோட்டில் பொருளோடு குறித்துக்கொண்டே வந்தால் சமாளித்துவிடலாம்.