ரக்பி: அயர்லாந்தின் கெல்லஹர் கோல் கோட்டைத் தாண்டியும் ஏன் ஸ்க்ரம் இல்லை?

கெல்லஹர் பந்தோடு கோட்டைத் தாண்டியதால் ஸ்க்ரம் (இரு அணி முன்வரிசைகளும் முட்டித் தள்ளி ஆட்டத்தை மீண்டும் தொடங்குவது) கொடுத்திருக்க வேண்டும் என்கிறீர்கள். பழைய விதிப்படி நீங்கள் சொல்வது சரிதான், கோட்டிலிருந்து 5 மீட்டரில் ஸ்க்ரம் அயர்லாந்துக்கே கிடைத்திருக்கும். 2021-ல் அது மாறிவிட்டது. இப்போது கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைக்க விடாமல் பிடித்துவிட்டால், தற்காக்கும் அணி தன் கோட்டிலிருந்து டிராப் கிக் (பந்தைத் தரையில் விழவிட்டு எழும்போது உதைப்பது) அடித்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கும். 2023 உலகக் கோப்பைக் காலிறுதியில் நியூசிலாந்துக்குக் கிடைத்தது அதுதான். 28-24 என்று பின்தங்கியிருந்ததால், 3 புள்ளி பெனால்டி அயர்லாந்துக்குப் போதாது. அதனால் மோலில் (பந்து வைத்திருப்பவரைச் சூழ்ந்து கூட்டமாகத் தள்ளுவதில்) இறங்கியதில் தப்பில்லை.

கெல்லஹர் மாட்டியதற்குக் காரணம் அவர் உடம்பைத் தாழ்த்தாததுதான் என்று நினைக்கிறேன். மோலிலிருந்து பிரிந்து போகும்போது நிமிர்ந்தே போனார். நியூசிலாந்தின் ஜோர்டி பாரெட் பந்துக்கு அடியில் புகுந்துவிட்டார். அந்த ஒரு கை இல்லையென்றால் ட்ரை (பந்தைக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து எடுக்கும் புள்ளி). (ஸ்க்ரமில் சேராமல் பின்னால் நிற்கும் ஆட்டக்காரர் செய்த வேலை அது!)

ரீப்ளேயை மெதுவாக ஓட்டி, கோட்டைத் தொடும் நொடியில் நிறுத்துங்கள். தூக்கிச் செல்பவரின் இடுப்பு தடுப்பவரின் தோளைவிட மேலே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் பந்துக்கும் புல்லுக்கும் நடுவே ஓர் உடம்பு நுழைய இடம் இருக்கிறது. மற்ற ஆட்டங்களிலும் இதையே பார்க்கலாம்.

ஒன்று மட்டும்: எதிரணியின் தவறுக்கு நடுவர் ஏற்கெனவே பெனால்டி அட்வான்டேஜ் (ஆட்டத்தை உடனே நிறுத்தாமல் தொடரவிடுவது) கொடுத்து கையை நீட்டியிருந்தால் இந்த டிராப் கிக் வராது, ஆட்டம் அந்தப் பெனால்டிக்கே திரும்பும். பழைய ஆட்டங்களோடு ஒப்பிடும்போது இதிலும் குழப்பம் வரும்.