குளத்துப் பாசிக்குக் கரி போடலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் தோப்புக் குளத்தில் கோடை வந்தால் பச்சைப் பாசி கெட்டியாகப் படர்ந்துவிடுகிறது. சிரட்டைக் கரியை மூட்டை கட்டிப் போடச் சொல்கிறார்கள். சாக்கடைக் கசட்டில் செய்த கரி பாஸ்பேட்டை இழுக்கும் என்று ஒரு வீடியோவிலும் பார்த்தேன். எதைப் போடட்டும்?
- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: சிரட்டைக் கரியை வீணாக்காதீர்கள். பாசிக்குத் தீனி பாஸ்பேட். தண்ணீரில் அது எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். வெறும் கரியின் மேற்பரப்பும் பெரும்பாலும் அப்படித்தான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். கசட்டுக் கரியில் இன்னொரு சிக்கல்: கசட்டிலேயே பாஸ்பரஸ் நிறைய உண்டு, சும்மா சுட்டுப் போட்டால் அதில் கொஞ்சம் குளத்தில் கரையும்.

வீடியோவில் காட்டியது பக்குவம் செய்த கரியாக இருக்கும். காய்ந்த கசட்டை இரும்பு குளோரைடு அல்லது மெக்னீசியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்து, காற்று புகாத உலையில் 500, 600 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். கரியின் துளைகளில் அந்த உலோக ஆக்சைடு படியும். பாஸ்பேட்டைப் பிடிப்பது அதுதான். இதிலும் பார்க்க வேண்டியது உண்டு. இரும்பு ஏற்றிய கரிக்குச் சற்று அமிலமான நீர் வேண்டும். பாசி மூடிய குளத்திலோ பகல் வெயிலில் காரத்தன்மை ஏறிவிடும், அதன் பிடி தளரும். அங்கே மெக்னீசியமோ கால்சியமோ ஏற்றியதுதான் சரி.

தயவுசெய்து வீட்டில் சுட்டுப் பார்க்க வேண்டாம். நகரக் கசட்டில் ஈயம், காட்மியம், துத்தநாகம் இருக்கலாம். சுட்டால் எடை குறையும், உலோகத்தில் பெரும்பகுதி கரியில் தங்கிச் செறிவு கூடும். பரிசோதிக்காத கரியைத் தென்னை மூட்டில் போடவும் எனக்கு மனம் வராது.

உங்கள் குளத்துக்கு வேறு வழி இருக்கிறது. கோடையில் மட்டும் பாசி பொங்குவதற்கு அடிச்சேறும் காரணமாக இருக்கலாம். அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால், சேற்றிலுள்ள இரும்பு தான் பிடித்து வைத்திருந்த பாஸ்பேட்டை விட்டுவிடும். தண்ணீர் வற்றும்போது வண்டலை வாரித் தென்னைக்குப் போடுங்கள். நம் பெரியவர்கள் செய்ததுதான். அப்புறம் குளத்துக்கு வரும் நீர்வரத்தைப் பாருங்கள். உங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் நான் பார்த்த குளங்கள் பலவற்றில் மாட்டுத்தொழுவம் கழுவிய நீர் நேராக இறங்குகிறது. அதை வாழைக்குத் திருப்புங்கள். டிஏபி உரத்தில் 46 சதவீதம் பாஸ்பேட். மழைக்கு முன்னால் கரையோரம் தூவாதீர்கள்.

பாசி இருக்கும்வரை மாடுகளை அங்கே தண்ணீர் குடிக்க விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசி சிலவற்றின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், காய்ச்சினாலும் போகாது.