பழைய காரில் இருப்பது எந்த ஓட்டோ கியர்பொக்ஸ்? கேள்வி பதில்

சுன்னாகத்திலிருந்து: அண்ணை, 1964ஆம் ஆண்டு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ60 ஒன்று வாங்கினேன். கிளச் இல்லை. ஒரு கராஜில் போர்க்-வோர்னர் கம்பனியின் கியர்பொக்ஸ் என்கிறார்கள், இன்னொரு கராஜில் ஜப்பான் கியர்பெட்டி மாற்றியிருக்கு என்கிறார்கள். யாரை நம்புவது?

இரண்டு பேரையும் விடுங்கள், காருக்குக் கீழே போங்கள். ஏ60க்குக் கம்பனி கொடுத்த ஓட்டோ போர்க்-வோர்னர் 35, மூன்று கியர். ஆனால் உள்ளே ஸ்டியரிங்கில் இருக்கும் கியர் தடியைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. எங்கடை பக்கத்தில் எஞ்சினே மாறிய கார்கள் எத்தனை! பெட்டியும் கூடவே மாறியிருக்கும், தடி மட்டும் பழையது நிற்கும்.

காரைக் குழிக்கு மேல் ஏற்றிவிட்டு பெட்டியின் இடப்பக்கம் பாருங்கள். சின்னத் தகடு ஒன்று பொருத்தியிருக்கும். எண்ணெயும் புழுதியும் சேர்ந்து தார் மாதிரிக் கட்டியிருப்பதால் முதலில் தகடு என்றே தெரியாது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஊறவைத்துத் துடையுங்கள். கம்பி பிரஷ் போட்டால் எண்ணும் சேர்ந்து போய்விடும்.

தகடு கழன்று விழுந்திருந்தால் ஒரு காந்தம் கொண்டு போங்கள். 35இன் நடு உடல் வார்ப்பிரும்பு. எஞ்சினோடு சேரும் முன்பக்கக் கூடும் பின்பக்க நீட்சியும் அலுமினியம். நடுவில் காந்தம் ஒட்டி, முன்னாலும் பின்னாலும் ஒட்டாவிட்டால் 35 என்று எடுக்கலாம். எங்கேயும் ஒட்டவில்லையா? அப்ப இரண்டாவது கராஜ்காரர் சொன்னது சரியாக இருக்கலாம்.

அதே தம்பி: 35தான் என்றால் என்ன எண்ணெய்?

டைப் எஃப். கடையில் டெக்ஸ்ரொன்தான் முதலில் நீட்டுவார்கள், இரண்டும் சிவப்புத்தானே என்பார்கள். நிறம் ஒன்றுதான், ஆனால் டெக்ஸ்ரொனில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு, டைப் எஃப்பில் இல்லை. 35க்குள் டெக்ஸ்ரொனை ஊற்றினால் கியர் மாறும்போது இழுபடும், உள்ளே இறுக்கிப் பிடிக்கும் பட்டிகள் வழுக்கும். பெட்டி எது என்று தெரியாமல் எண்ணெய் வாங்க வேண்டாம். அளவு பார்ப்பது சூடான பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, தடி பார்க்கில் நிற்க.

மானிப்பாயிலிருந்து: தம்பி, அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 சோமசெற். கியர் தடி ஸ்டியரிங்கில்தான். பேரன் ஓட்டோ என்று அடம்பிடிக்கிறான்.

ஐயா, பேரனைக் காலடியில் பெடலை எண்ணச் சொல்லுங்கள். சோமசெற்றில் மூன்று இருக்கும். அது மனுவல், நாலு கியர். மொரிஸ் மைனரிலும் கம்பனி ஓட்டோ வந்ததே இல்லை.

நெல்லியடியிலிருந்து: ஒஸ்ரின் ஏ50 ஒன்று பார்த்தேன். இரண்டு பெடல்தான், ஆனால் கியரைக் கையால் மாற்ற வேண்டியிருக்கு. பழுதா?

பழுதில்லை. அது மனுமாற்றிக்காக இருக்கலாம். 1950களின் நடுப்பகுதியில் ஏ50க்குக் கொடுத்தார்கள். கியர்பொக்ஸ் சாதாரண மனுவல்தான். தடியில் கை பட்டதும் எஞ்சினின் வெற்றிட இழுவை கிளச்சை விடுவிக்கும். அப்படியே முழுதாக நிற்கும் ஒன்றைக் கண்டால் எனக்கும் சொல்லுங்கள், பார்க்க வேண்டும்.

கோண்டாவிலிலிருந்து: ஓட்டோ மினிக்கு கியர் எண்ணெய் எங்கே ஊற்றுவது?

எங்கேயும் இல்லை. 1965இல் வந்த அந்த நாலு கியர் பெட்டி எஞ்சினுக்குக் கீழேயே இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே எஞ்சின் ஒயில். சிவப்பு எண்ணெயை அதில் ஊற்றிவிடாதீர்கள்.

சாவகச்சேரியிலிருந்து: ரொயோட்டா கொரோலா, 80களில் வந்தது. கீழே போகாமல் தெரிந்துகொள்ள வழியுண்டா?

உண்டு, ஜப்பான்காரர் அந்த விஷயத்தில் ஒழுங்கு. பொனற்றைத் திறந்தால் உள்சுவரில் தகடு இருக்கும். அதில் டிரான்ஸ் என்ற வரியைப் பாருங்கள். ஏ என்று தொடங்கினால் ஓட்டோ. கே50, டி50 மாதிரி வந்தால் மனுவல். அதில் ஏ40 என்று இருந்தால் ஒஸ்ரினை நினைத்துக் குழம்ப வேண்டாம், ரொயோட்டா பெட்டியிலும் அந்தப் பெயர் உண்டு. ஆனால் தகடு சொல்வது கார் தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் கதை. பெட்டி மாறியிருந்தால் அதற்குத் தெரியாது.

சங்கானையிலிருந்து: பென்ஸ் 123, 1981. கியர்பொக்ஸ் திருத்தும் கிற் வாங்க ஆண்டு போதுமா?

போதாது. அந்த உடலில் 722.1, 722.3 என்று ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகள் வந்திருக்கின்றன. எண்ணெய்த் தட்டுக்கு மேலே இடப்பக்கம் எண்ணை அடித்திருப்பார்கள். அதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

காரைநகரிலிருந்து: பெற்றரி இறங்கினால் ஓட்டோவைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

முதலில் வந்த போர்க்-வோர்னர் 35இல் பின்பக்கம் எண்ணெய்ப் பம்ப் ஒன்று இருந்ததால் இழுத்து ஸ்டார்ட் பண்ண முடிந்தது. பிறகு அதை எடுத்துவிட்டார்கள். உங்களுடையது எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ஜம்ப் வயர் போடுங்கள். வேறு வாகனத்தில் கட்டி இழுப்பதாக இருந்தால் பின்னுக்குப் போகும் ஷாப்டைக் கழற்றிவிட்டு இழுங்கள். எஞ்சின் ஓடாதபோது முன் பம்பும் ஓடாது, பெட்டிக்குள் எண்ணெய் போகாது.