பாட்டு வரிகளுக்கு நடுவே ஸ்டாஃப் நொட்டேஷனை (ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிகளை) சேர்ப்பது எப்படி?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேவாலயப் பாடகர் குழுவுக்குப் புத்தகம் தயாரிப்பவர்களுக்கு வரும் கேள்வி இது. இசைக்குறிகளை வரையும் லிலிபாண்ட் மென்பொருளோடு வரும் லிலிபாண்ட்-புக் என்ற கருவி, லேடெக் (கட்டளைகளால் புத்தகப் பக்கம் அமைக்கும் மென்பொருள்) கோப்புக்குள் எழுத்தாக இருக்கும் இசையை மட்டும் பிரித்தெடுத்து, ஸ்டாஃபாக வரைந்து, அதே இடத்தில் பொருத்தும்.

ஸ்கிரீன்ஷாட் ஒட்டுவது ரெடிமேட் சட்டை. தோள் இறங்கும், இல்லையென்றால் இறுக்கும். லிலிபாண்ட்-புக்கோ பக்கத்தின் வரி அகலத்தை அளந்து தைக்கிறது. குழுவுக்குச் சுருதி எட்டவில்லையா? சுருதியை மாற்றும் ஒரு ட்ரான்ஸ்போஸ் கட்டளை போதும்.

தமிழுக்கு ஸீலேடெக்கை (தமிழ் எழுத்துகளைக் கையாளும் லேடெக் வகை) பயன்படுத்தலாம். லிலிபாண்ட்-புக்கை ஓட்டும்போதே லேடெக்-ப்ரோக்ராம் ஆப்ஷனில் அதைச் சொல்லிவிடுங்கள். அகலத்தை அளக்கவும் அதுதான் தேவை. பிடிஎஃப் ஆப்ஷனையும் அவுட்புட் ஃபோல்டரின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். பிறகு அந்த ஃபோல்டருக்குள் போய் ஸீலேடெக்கை ஓட்டுங்கள். மூலக்கோப்பில் நேரடியாக ஓட்டினால் பிழைதான் வரும்.

லேடெக்கே இசைக்குறிகளை வரைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வரைவது லிலிபாண்ட், லேடெக் அந்தப் படத்தைப் பக்கத்தில் வைக்கிறது.